படிவத்தில் நான் நிரப்பிய கட்டம்

சென்ற மாதம் நான் படித்த கல்லூரியிலிருந்து ஒரு மாணவி கைபேசியில் அழைத்தாள். நாடகக் குழுவுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. கல்லூரிகளுக்கு இடையிலான நாடக விழாவுக்கு இந்த ஆண்டும் புதுச்சேரி போகிறார்கள். ஐந்து பெண்களின் வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை.

"அக்கா, நீங்க ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. நாடக விழாவுல கலந்துக்கிறதால என்னென்ன நன்மைன்னு, பாயிண்டு பாயிண்டா. நீங்க வேலைக்குப் போயிட்டீங்கல்ல, சொன்னா நம்புவாங்க."

"யாரு நம்புவாங்க?"

"முக்கியமா எங்கப்பா, அக்கா."

ஒப்புக்கொண்டேன். பட்டியல் போடுவது எனக்குச் சிரமமான வேலை இல்லை. ஓர் ஆலையில் அழுத்தமானிகளையும் வெப்பமானிகளையும் சோதித்துத் திருத்துவது என் தொழில். காலை முதல் மாலை வரை ஒரு தாளில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போடுகிறேன். அன்று வேலை முடிந்து வந்ததும் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

ஒன்று, முப்பது நிமிடத்துக்குள் முடிக்க வேண்டியதை முப்பது நிமிடத்துக்குள் முடிக்கக் கற்கிறோம். இரண்டு, பயம் போன பிறகு வேலை செய்வதில்லை. பயத்தோடே செய்யப் பழகுகிறோம். மூன்று, நம் வீட்டைப்போல் இல்லாத வீடுகளிலிருந்து வந்தவர்களோடு ஒரே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுகிறோம். நான்கு, அடுத்தவர் துன்பத்தை நம் துன்பமாக உணர்கிறோம்.

நான்காவதில் நின்றுவிட்டேன். எந்த அப்பாவும் மறுக்க முடியாத வாக்கியம்தான். நான் அப்படி உணர்ந்தேனா என்று யோசித்தபோது, இல்லை. ஒருத்தியின் துன்பத்தை எடுத்துப் பயன்படுத்தினேன். அந்தத் தாளில் அதற்குமேல் எதுவும் எழுத முடியவில்லை. எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

என் வீடு அம்பகரத்தூரில். அப்பாவுக்கு நெல் சாகுபடி, அம்மா அங்கன்வாடியில் வேலை. கல்லூரியில் என் பக்கத்து இருக்கைக்காரி காரைக்கால்மேட்டைச் சேர்ந்தவள். அவள் அப்பா விசைப்படகில் டிரைவர், அம்மா மீன்பிடித் துறையில் ஏலம் எடுத்து மீன் விற்பவர். எங்கள் இருவரையும் சேர்த்தது எலக்ட்ரானிக்ஸ் பாடம் இல்லை, நாடகக் குழு. அவளுக்குக் குரல் இருந்தது. மைக் இல்லாமலே கருத்தரங்கக் கூடத்தின் கடைசி வரிசைவரை போகும். எனக்குக் குரல் இல்லை. யார் எப்போது எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும், எந்த விளக்கு எந்தச் சொல்லில் எரிய வேண்டும், எந்தப் பொருள் எந்த மேசையில் இருக்க வேண்டும் என்பதை எழுதிவைக்கும் ஆள் நான். மேடைப் பொறுப்பு என்று அதற்குப் பெயர். குழுவில் எல்லோரும் என்னை 'ஆபீஸர்' என்றார்கள்.

மூன்றாம் ஆண்டில், தை மாதக் கடைசியில், அவள் அப்பா ஓட்டிப்போன படகு எல்லை தாண்டியதாக இலங்கைப் பக்கம் பிடிபட்டது. படகில் பத்துப் பேர். செய்தி வந்த மறுநாள் நான் அவள் வீட்டுக்குப் போனேன். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்க மனு வேண்டியிருந்தது. என்னிடம் மடிக்கணினி இருந்தது, தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்வேன். முந்தைய ஆண்டு வேறொரு படகுக்காகக் கொடுத்த மனுவின் ஜெராக்ஸை அவள் அம்மா கொண்டுவந்து வைத்தார். பெயர்களை மாற்றினால் போதும். 'எங்கள் வீட்டு ஆண்கள் இந்தியக் கடல் எல்லைக்குள் மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது' என்று அந்த மனு தொடங்கியது.

"எல்லைக் கோட்டுக்கு எவ்வளவு தூரத்துல இருந்தாங்கன்னு போடலாமாம்மா? துல்லியமா இருக்கும்" என்றேன்.

"எல்லைக்குள்ளன்னு போடு பாப்பா. எவ்வளவு தூரம்னு மீன்கிட்டயா போயி கேக்கச் சொல்ற?"

கூடியிருந்த பெண்கள் அந்த நிலையிலும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அந்த வரியை அப்படியே தட்டினேன். பத்து வீட்டுப் பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து அவள் அம்மாவுடையது.

அவள் ஒரு வாரம் வகுப்புக்கு வரவில்லை. வந்த அன்று மாலை நாடகக் குழுவின் கூட்டம். விழாவுக்கு என்ன நாடகம் என்று பேச்சு. யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"எங்க வீட்டுல நடக்குதே, இதயே பண்ணலாம். எனக்கு இப்ப வேற எதுவும் மண்டையில ஏறாது."

ஓர் அரசு அலுவலகத்தின் நடைபாதையில் ஒரு பெண்ணும் அவள் மகளும் செய்திக்காகக் காத்திருக்கிறார்கள் என்று நாடகத்தை அமைத்தோம். அதிகாரி வருவார், போவார், திரும்பவும் வருவார். அவ்வளவுதான் கதை. அவள் மகளாக நடித்தாள். அவள் வீட்டிலிருந்து ஒரு பழைய வலையைக் கொண்டுவந்து கூடத்தில் விரித்தோம்.

"ஏசி ரூம்ல மீன் மார்க்கெட்டு வந்துருச்சு" என்று மூக்கைப் பிடித்தான் அதிகாரியாக நடித்தவன்.

"ஞாயித்துக்கெழம எங்கம்மா கூடைய எறக்குனா மொத ஆளா வந்து நிப்பியே, அப்ப நாறலையா?" என்றாள் அவள். அந்த மாதத்தில் அவள் பழையபடி பேசியது அன்றுதான்.

விழாவுக்கான விண்ணப்பப் படிவத்தை அந்த வாரமே அனுப்ப வேண்டியிருந்தது. நாடகத்தின் பெயர், நேரம், ஆட்களின் எண்ணிக்கை, தேவையான விளக்குகள். கடைசியில் 'நாடகத்தின் பின்னணி, ஐந்து வரிகளுக்குள்' என்று ஒரு கட்டம். அதைக் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. படிவத்தில் காலி இடம் விட்டுவைக்க எனக்கு எப்போதும் முடிந்ததில்லை. எங்கள் கடற்கரைப் பெண்களின் காத்திருப்பைப் பற்றி மூன்று வரி எழுதிவிட்டு, மேலும் இரண்டு எழுதினேன்: 'இதில் மகளாக நடிக்கும் மாணவியின் தந்தையும் இப்போது இப்படிச் சிறையில் இருக்கிறார். ஆகவே எங்கள் குழுவுக்கு இது கதை அல்ல.' கடைசி வரி எனக்குப் பிடித்திருந்தது. அடியில் பொறுப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்திட்டு அனுப்பினேன். அவளிடம் காட்டவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. விளக்குகளின் எண்ணிக்கையையும்தான் யாரிடமும் காட்டவில்லை.

இரண்டு வாரம் கழித்து, எங்கள் துறை ஆசிரியர் ஒருவர் ஒத்திகை பார்க்க வந்தார். நாடகத்தில் பழக்கமுள்ளவர், குழுவுக்கு வழிகாட்டி. முடியும்வரை பேசாமல் இருந்துவிட்டு, "எல்லாரும் நல்லவங்களா இருக்கீங்க. அதான் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு உடனே ஒன்று ஞாபகம் வந்தது. படகு பிடிபடுவதற்கு முன்பு, முந்தைய ஆண்டு, உணவுக்கூடத்தில் அவள் சொன்னது. ஜிபிஎஸ் பற்றிய பாடம் அன்று. 'எங்கப்பா படகுலயும் இருக்கு. கோடு எங்க இருக்குன்னு அதுல தெரியும். தெரிஞ்சேதான் போவாங்க. இந்தப் பக்கம் என்ன இருக்கு?' என்றிருந்தாள். நல்ல உதாரணம் என்று என் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிவைத்திருந்தேன். அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து அவளிடம் காட்டினேன். அதிகாரி இரண்டாவது முறை வந்து 'எல்லைக்குள்ளதானே இருந்தாங்க?' என்று கேட்கும்போது, மகள் இதைச் சொன்னால் நாடகம் நிமிர்ந்துவிடும் என்றேன்.

அவள் படித்துப் பார்த்தாள்.

"வேணாம்டி. இத வெளிய சொல்ற வழக்கம் இல்ல."

"உண்மைதானே?"

"உண்மைதான். ஊருல எல்லாருக்கும் தெரிஞ்ச உண்மை. அதுக்காக?"

"இது நாடகம்டி. மேடையில பேசுறது அந்தப் பொண்ணு, நீ இல்ல. அது உங்கப்பான்னு அங்க யாருக்குத் தெரியும்?"

இதைச் சொன்னபோது நான் பொய் சொல்லவில்லை. படிவத்தை அனுப்பி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அனுப்பிய காகிதங்கள் என் தலையில் 'முடிந்தவை' என்ற வரிசைக்குப் போய்விடும். இன்று ஆலையில் இதற்கு ஒரு விதி இருக்கிறது: ஒரு கருவியின் அமைப்பை மாற்றினால், அதோடு இணைந்த எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும். தனியாகப் பார்த்தால் படிவத்தில் ஆபத்து இல்லை, அந்த வசனத்திலும் இல்லை. இரண்டும் ஒரே மேடைக்கு வரும் என்று நான் பார்க்கவில்லை.

அவள் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு ஒத்திகையில் தானாகவே சொன்னாள். நான் காட்டிய வரியைவிடச் சிறியதாக மாற்றியிருந்தாள். "எங்கப்பாவுக்குக் கோடு தெரியும் சார். தெரிஞ்சுதான் போனாங்க. இந்தப் பக்கம் மீனு இல்ல." சொல்லிவிட்டு அவள் அழவில்லை. எதிரில் நின்றவனைப் பார்த்தபடியே நின்றாள். அதிகாரியாக நடித்தவன் தன் வசனத்தை மறந்துவிட்டான். அந்த இடைவெளியை அப்படியே வைத்துக்கொண்டோம். நான் குறிப்பேட்டில் 'நான்கு விநாடி, விளக்கு மாறக் கூடாது' என்று எழுதினேன்.

பங்குனியில் விழா. முந்தைய நாளே பேருந்தில் கிளம்பினோம். சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று வழியெல்லாம் வலை மூட்டை எங்கள் காலடியில். இறங்கும்போது நடத்துனர், "அடுத்த தடவ இத டாப்புல போடுங்க, இல்ல கொழம்போட வாங்க" என்றார்.

நாடகம் நன்றாக நடந்தது. மேடையின் பக்கவாட்டு இருட்டில் நின்று, கையில் தாளோடு, ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் அந்த மூன்று வரிகளைச் சொன்னபோது அரங்கில் இருமல்கூட இல்லை. நான்கு விநாடி என்று எழுதியிருந்தேன், அன்று ஏழு விநாடி போனது. முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த முதல் வேலை அது என்று அப்போது நினைத்தேன்.

மாலையில் பரிசளிப்பு. சிறந்த நடிகை அவள். மேடைக்கு அவள் ஏறும்போது, தொகுத்து வழங்கியவர் கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தார். இவருடைய தந்தையும் இப்போது சிறையில் இருக்கிறார், இவர்களுக்கு இது கதை அல்ல என்று. என் வரியை நல்ல உச்சரிப்போடு படித்தார். மறுபடியும் கைதட்டல். அவள் மேடையில் திரும்பி, நாங்கள் உட்கார்ந்திருந்த வரிசையைத் தேடினாள். கோப்பையை வாங்கிக்கொண்டு இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தாளுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"தெரியலடி" என்றேன்.

அது என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். யோசிக்க நேரமே இல்லாமல் வந்தது.

"சார்தான் சொல்லியிருப்பாரு" என்றாள். வழிகாட்டி ஆசிரியர் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து யாருக்கோ கைகொடுத்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

யாரோ ஒரு மாணவர் நாடகத்தின் அந்தப் பகுதியையும் பரிசளிப்பையும் சேர்த்து ஒரு காணொளியாக இணையத்தில் போட்டிருந்தார். நல்லெண்ணத்தோடுதான். 'காரைக்கால் மீனவர் மகள் பேசிய உண்மை' என்று தலைப்பு. நாங்கள் ஊர் வந்து சேர்வதற்கு முன்பே அது காரைக்கால்மேட்டுக் கைபேசிகளுக்கு வந்து சேர்ந்திருந்தது.

இலங்கை நீதிமன்றத்தில் அடுத்த விசாரணைக்கு எட்டு நாள் இருந்தது. அவள் வீட்டு வாசலில் நான் கேட்ட பேச்சை இன்னும் மறக்கவில்லை. கைதான இன்னொருவரின் மனைவி சத்தம் போடாமல்தான் கேட்டார்.

"எம் புருசன் உள்ள இருக்காரு. ஒம் பொண்ணு கப்பு வாங்குது. தாண்டித்தான் போனாங்கன்னு டிரைவரு மவளே சொன்னா, அங்க விடுவானா?"

ஊர்ப் பஞ்சாயத்தார் அவள் அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். படிக்கிற பிள்ளைகள் தெரியாமல் செய்துவிட்டார்கள், வீடியோவை எடுக்கச் சொல்லியிருக்கிறோம் என்று அவர் சொன்னதாகப் பிறகு அறிந்தேன். எடுக்கவும் செய்தார்கள். ஆனால் ஒரு கைபேசியிலிருந்து இன்னொன்றுக்குப் போனதை யார் எடுப்பது? துறையில் ஏலம் விடுகிறவர் சில நாள் அவள் அம்மா கேட்ட விலையைக் காதில் வாங்காததுபோல அடுத்தவருக்கு மீன்குவியலைத் தள்ளிவிட்டார். அவள் அம்மா வெறுங்கூடையோடு திரும்பினார். யாரும் அவரைத் திட்டவில்லை. அதுதான் அங்கே தண்டனை.

எட்டாம் நாள் செய்தி வந்தது. ஒன்பது பேர் விடுதலை. டிரைவருக்கு ஆறு மாதச் சிறை.

நான் அன்று மாலை போனபோது அவள் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அதைத்தான் கேட்டாள்.

"சொல்லுடி. நாம சொன்னதாலயா?"

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் பதில் தேடினேன். இரண்டு நாள் நூலகத்தில் உட்கார்ந்து, பழைய செய்தித்தாள்களிலும் இணையத்திலும் கிடைத்த வழக்குகளையெல்லாம் ஓர் அட்டவணையாகப் போட்டேன். எந்த மாதம், எத்தனை பேர், யார் விடுதலை, யாருக்குத் தண்டனை. பல வழக்குகளில் இப்படித்தான் நடந்திருந்தது. மற்றவர்களை விட்டுவிட்டு டிரைவரை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார்கள். சிலவற்றில் டிரைவரையும் விட்டிருந்தார்கள். அச்செடுத்துக்கொண்டு போய் அவளிடம் கொடுத்தேன். விரலை வைத்து மேலிருந்து கீழாகப் படித்தாள்.

"இதுல எங்கப்பா எந்த வரிசையில வர்றாங்க?"

"பெரும்பாலும்..."

"பெரும்பாலும்னு போட்டிருக்கிற கட்டத்த காட்டுடி."

தாளை மடித்து என்னிடமே கொடுத்தாள்.

அந்த ஆறு மாதமும் அவள் கல்லூரிக்கு வந்தாள், தேர்வு எழுதினாள். நாடகக் குழுவுக்கு வரவில்லை. கோப்பை துறைத் தலைவர் அறையின் கண்ணாடி அலமாரியில் இருந்தது. அந்தப் பக்கம் போக வேண்டிய வேலை வந்தால் என்னை அனுப்புவாள். வழிகாட்டி ஆசிரியர் நடைபாதையில் எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வாள். அவர் ஒருமுறை என்னிடம், "உன் சிநேகிதிக்கு என் மேல என்ன கோவம்?" என்று கேட்டார். வீட்டுக் கவலை சார் என்றேன். அது இரண்டாவது பொய். முதல் பொய்யைக் காப்பாற்ற எவ்வளவு வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் நினைப்பேன். அவள் அப்பா வந்த பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போடுவேன். அவர் வராமல் போனால் என்ன செய்வேன் என்று யோசித்ததே இல்லை.

புரட்டாசியில் அவர் வந்தார். விமானத்தில் சென்னை, அங்கிருந்து வேன். நான்கு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, நான் போனேன். இளைத்திருந்தார். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் தரையில் அவர் பக்கத்தில். அம்மா கொஞ்சம் தள்ளி அரிவாள்மனையில் மீன் அரிந்துகொண்டிருந்தார்.

"வாம்மா. நாடகத்துக்கு நீதான் ஆபீஸராமே" என்றார் அப்பா.

நான் உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தேன்.

"பாத்தேன். புள்ள போன்ல காட்டுச்சு. நல்லாத்தான் பேசியிருக்கு. இதுக்கு ஏன் எல்லாரும் மூஞ்சத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

"அதால உங்கள நிறுத்தி வெச்சுட்டாங்களோன்னுதாம்ப்பா" என்றாள் அவள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அங்க கோர்ட்டுல தமிழ்லயேதான் கேட்டாங்க. தாண்டி வந்தீங்களான்னு. ஆமான்னுட்டோம், பத்துப் பேரும். வக்கீலே சொல்லிட்டாரு, ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடியும், இல்லன்னா இழுக்கும்னு. ஓட்டுனவனுக்குத் தனியா கணக்கு வெச்சிருக்காங்க. ஒங்க நாடகத்த அங்க எவன் பாத்தான்? அவனவனுக்கு ஆயிரம் வேலை."

அவள் அழுதாள். ஆறு மாதமாக அவள் அழுது நான் பார்த்ததில்லை. அவர் அவள் தலையில் கை வைத்திருந்தார். நான் தேடிய பதில் அதுதான். என் அட்டவணையில் இல்லாதது. எனக்கும் அழுகை வந்திருக்க வேண்டும். அரிவாள்மனைச் சத்தம் நின்றுவிட்டதைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப நாந்தான் மிச்சம்" என்றார் அவள் அம்மா.

அரிந்த மீனைச் சட்டியில் போட்டார்.

"ஆபீஸு வாசல்ல நின்னு தாண்டலன்னு சொன்னேன். டிவிக்காரன் மைக்க நீட்டுனப்ப தாண்டலன்னு சொன்னேன். நீங்க அங்க ஆமான்னு சொல்லிட்டு உக்காந்திருக்கீங்க. இவ மேடையில ஏறி ஆமான்னுட்டா. ஊருல பொய் சொன்னவ நான் ஒருத்திதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். கோபமாக இல்லை. சந்தேகம் கேட்பதுபோல் கேட்டார். "அந்தக் காயிதத்த அடிச்சது நீ. கையெழுத்து என்னுது. மேடையில பேசுறதுக்கு எழுதிக் குடுத்தது நீ. வாயி எம் பொண்ணுது. உம் பேரு எங்கயாச்சும் இருக்கா பாப்பா?"

"இருக்கும்மா" என்றேன். "ஒரு படிவத்துல இருக்கு."

பிறகு சொன்னேன். கட்டம், ஐந்து வரி, கடைசி வரி, கீழே என் கையெழுத்து. தொகுத்து வழங்கியவர் படித்தது அதைத்தான் என்று. பரிசு வாங்கிய அன்று எனக்குத் தெரிந்திருந்தும் தெரியாது என்று சொன்னது. வரிசை மாறாமல் சொன்னேன். பழக்கம் அப்படி. சொல்லி முடித்தபோது என் குரல் நடுங்கக்கூட இல்லை என்பது எனக்கே வெட்கமாக இருந்தது.

அவள் அப்பா, "சரி, ஆனது ஆச்சு" என்றார். அம்மா எழுந்து கையைக் கழுவப் போனார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எப்ப எழுதுன?"

"மொத வாரமே."

"கோடு தெரியும்ங்கிற வசனத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

அவளும் எலக்ட்ரானிக்ஸ்தான் படித்தாள். வரிசை ஏன் முக்கியம் என்று அவளுக்குத் தெரியும். வேண்டுமென்று செய்யவில்லை என்பது அந்த ஒரு சொல்லில் அவளுக்குப் புரிந்திருக்கும். ஆனால் அவள் அடுத்துச் சொன்னது அதைப் பற்றி இல்லை.

"சாருன்னு நெனச்சேன்டி. ஆறு மாசமா அந்தாளு மூஞ்சியப் பாக்காம போனேன். நீ பக்கத்துலயேதானே நடந்து வந்த?"



திங்கட்கிழமை அவள் ஆசிரியரிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். என்னைக் கூப்பிடவில்லை. நான் தனியாக மதியம் போனேன். அவர், "பின்னணின்னு ஒரு கட்டத்த வெச்சவன சொல்லணும்" என்று எனக்காகச் சிரித்தார். அவர் காட்டிய பெருந்தன்மை எனக்கு உதவவில்லை.

அவள் அம்மா கொஞ்ச நாளில் பழையபடி ஏலத்தில் நின்றார். வீட்டு ஆள் திரும்பிவிட்டால் அங்கே பேச்சும் திரும்பிவிடுகிறது. அடுத்த தை மாதம் வேறொரு படகு பிடிபட்டபோது மனு எழுத என்னைக் கூப்பிடவில்லை. பேருந்து நிலையத்துக்கு அருகில் தட்டச்சு செய்கிறவரிடம் எழுதி வாங்கினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

இப்போது எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நாடக விழாவில் கலந்துகொண்டதால் எனக்கு நன்மை உண்டானது. வேலைக்கான நேர்முகத் தேர்வில் ஒரு குழுவை நடத்தியதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். அதனால்தான் எடுத்தார்கள் என்றே நினைக்கிறேன். நேரம் பார்த்து வேலை செய்வது, இருட்டில் பதறாமல் நிற்பது, மற்றவர் தடுமாறும்போது அடுத்த அடியை யோசிப்பது எல்லாம் அங்கே கற்றவை. அவற்றை நான் தினமும் பயன்படுத்துகிறேன். அவளுக்கு என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. ஒரு சான்றிதழ் கிடைத்தது. அரங்கமே ஏழு விநாடி மூச்சை அடக்கிக்கொண்டு அவளைப் பார்த்தது. அது அவளுக்கு வேண்டியிருந்ததா என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

அந்த மாணவிக்கு நேற்று ஒரு பக்கம் அனுப்பினேன். முதல் மூன்றையும் வைத்துக்கொண்டேன், நான்காவதை அடித்துவிட்டேன். அதோடு தனியாக ஒரு குறிப்பு: மேடையில் யாருடைய வீட்டு விஷயம் வருகிறதோ, அந்த வீட்டில் உள்ள எல்லோரிடமும் முதலில் கேட்டுவிடுங்கள், நடிப்பவரிடம் மட்டும் கேட்டால் போதாது. அவள் உடனே அழைத்தாள்.

"அக்கா, பாயிண்டு மூணுதான் இருக்கு. ஒரு அஞ்சாச்சும் வேணும், எங்கப்பாவுக்கு."

"மூணுதான் இருக்கு" என்றேன்.

என் தோழி இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். நாங்கள் பேசிக்கொள்கிறோம். அவள் அப்பாவின் முதுகுவலி, என் அம்மாவின் கண் சிகிச்சை, அவள் விடுதியின் சாப்பாடு என்று அரைமணி நேரம்கூடப் போகும். சிரிக்கவும் செய்கிறாள். ஒவ்வொரு முறையும் நான்தான் அழைக்கிறேன்.